மண் வெப்பமூட்டல்: ஷீட்டுக்கு அடியில் கோரை பச்சையாக வருது, எடுத்துடலாமா?

செம்மண்தோட்டம்:
வணக்கம். ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். ரசாயனம் இல்லாமல் தக்காளியும் கத்தரியும் போடுறேன். போன பட்டத்தில் காய் பிடிக்கிற நேரத்தில் தக்காளி மதியமானால் சோர்ந்து விழுந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. நூற்புழுதான், வேருக்குள் புகுந்து முடிச்சு போட வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத புழு. குருணை மருந்து போட மனசு வரலை. அதனால் வெயில் சூட்டிலேயே அதை மண்ணுக்குள் கொல்லலாம்னு சித்திரை வெயிலை நம்பி, உழுது மேட்டுப்பாத்தி போட்டு, தண்ணி விட்டு, கண்ணாடி மாதிரி தெளிந்த 50 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை விரித்து ஓரத்தை மண்ணில் புதைத்திருக்கேன். மற்ற களையெல்லாம் அடியிலேயே வெந்துபோச்சு. கோரை மட்டும் குத்திக்கிட்டு நிக்குது, சில இடத்தில் ஷீட்டையே துளைச்சிருக்கு. கோரையே சாகலேன்னா நூற்புழு எங்கே சாகும்? மண்புழுவும் போயிடுமோன்னு வேற கவலையா இருக்கு. பார்த்தவங்க சொல்லுங்க.

மேட்டுப்பாத்தி:
எடுக்காதீங்க தம்பி. கோரையை வைத்து இந்த முறையை எடை போடவே கூடாது. அதன் கிழங்கு ஆழத்தில் இருக்கும், இந்தச் சூட்டைத் தாங்கும். மற்ற களை வெந்திருக்குன்னா வேலை நடக்குதுன்னுதான் அர்த்தம்.

மண் வெப்பமானி ஒன்று வாங்கி, மதியம் 2 மணிக்கு மேல் 5 செ.மீ. ஆழத்திலும் 15 செ.மீ. ஆழத்திலும் பாருங்க. மேலே 45 முதல் 55 டிகிரி வரை வரணும். கீழே 40-ஐ ஒட்டி இருந்தாலே போதும், ஆனால் அந்தச் சூடு பல வாரம் தொடரணும். 1976-இல் இஸ்ரேலில் கட்டான் (Katan) என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த முறையை ஆய்வாக வெளியிட்டதிலிருந்து எல்லோரும் சொல்வது 4 முதல் 6 வாரம். பாதியில் எடுத்தால் மேல்மண் மட்டும்தான் சுத்தமாகும், தக்காளி வேர் அதற்குக் கீழே போயிடும்.

மண்புழு சூடு ஏறினால் ஆழத்துக்கு இறங்கிடும். மண் ஆறியதும் தொழு உரம் போட்டால் மேலே வரும்.

வாய்க்கால்கரை:
நான் கவனிக்கச் சொல்றது துளையைத்தான். ஒரு துளை போதும், சூடும் ஈரமும் வெளியே போயிடும். ஒளி புகும் டேப் வாங்கி இன்னைக்கே ஒட்டுங்க. கோரை ஷீட்டைத் தூக்கின இடத்தில் காற்று இடைவெளி விழும், அங்கே சூடு மண்ணுக்குள் இறங்காது. அழுத்திப் படிய வையுங்க. அடுத்து ஈரம். காய்ந்த மண்ணில் பூஞ்சை வித்தும் நூற்புழு முட்டையும் சூட்டைத் தாங்கும், ஈரமண்ணில்தான் சாகும். ஷீட்டின் உள்பக்கம் காலையில் நீர்த்துளி இல்லேன்னா, அடியில் சொட்டுநீர்க் குழாய் இருந்தால் கொஞ்சம் விடுங்க. பாத்தியின் ஓரம் எப்பவும் நடுவை விடச் சூடு குறைவு. அடுத்த முறை பாத்தி பாத்தியா மூடாமல் முழு வயலையும் சேர்த்து மூடுங்க.

இன்னொன்று, கடையில் மல்ச்சிங் ஷீட்டுன்னு தர்ற கருப்பு-வெள்ளி ஷீட் இதுக்கு ஆகாது. அது களையை அடக்கும், மண்ணைச் சூடாக்காது. நீங்க தெளிந்ததைப் போட்டது சரி.

நாற்றங்கால்:
வேரில் முடிச்சு இருந்தாலும், சோர்ந்ததுக்கு அது மட்டும்தான் காரணமான்னு பார்த்தீங்களா? வாடின செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணி உள்ள கண்ணாடி டம்ளரில் தொங்க விடுங்க. சில நிமிஷத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அதுக்கு இந்த வெயில் வைத்தியத்தை நம்ப முடியாது, சில இடத்தில் கேட்கும், சில இடத்தில் கேட்காது. அப்படின்னா ஒட்டு நாற்றுக்குப் போயிடுங்க, அதாவது நோயைத் தாங்குற வேறு செடியின் வேர்ப்பகுதி மேல் ஒட்டின நாற்று. கத்தரிக்கு சுண்டைக்காய் வேர்ச்செடி, தக்காளிக்கு எதிர்ப்புள்ள கத்தரி வேர்ச்செடி.

செம்மண்தோட்டம்:
பக்கத்து வயலில் வாடி நின்ற செடியில் பார்த்துட்டேன், பால் இறங்கலை. வெப்பமானி மேலே 47, கீழே 39 காட்டுது. துளையெல்லாம் ஒட்டியாச்சு. ஷீட்டை எடுத்த பிறகு என்ன செய்யணும்?

மேட்டுப்பாத்தி:
நல்ல சூடு, தொடருங்க. எடுத்த பிறகு ஆழ உழவே கூடாது. சூடு எட்டாத கீழ்மண்ணைப் புரட்டினால் நூற்புழுவும் களை விதையும் மேலே வந்து, பட்ட பாடெல்லாம் வீண். மேல்மண்ணை லேசாகக் கிளறினால் போதும். கோரைக் கிழங்கை அப்போ கையால் தோண்டி எடுத்துடுங்க. மண் ஆறின பிறகு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும், தொழு உரத்தில் பெருக்கின டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சை) 1 கிலோவும் போடுங்க. டிரைக்கோடெர்மாவை ஷீட்டுக்கு முன்னாடி போட்டால் அதுவும் வெந்துடும். நாற்று எங்கே வாங்குறீங்கங்கறது ரொம்ப முக்கியம். நூற்புழு உள்ள நாற்றங்காலிலிருந்து வந்தால் சுத்தமான மண்ணில் நீங்களே புழுவை விதைக்கிற மாதிரி ஆயிடும். குழித்தட்டு நாற்று வாங்கி, வேரைக் கழுவிப் பார்த்து நடுங்க. இந்தப் பட்டத்துக்கு அப்புறம் கீழிருந்து நூற்புழு மெல்ல ஏறும், அதனால் அடுத்த பட்டத்தில் தக்காளியை மறுபடி வைக்காமல் செண்டுமல்லி போடுங்க.

வாய்க்கால்கரை:
ஷீட்டை வயலில் எரிச்சிடாதீங்க. இயற்கைச் சான்றிதழ் வாங்குற எண்ணம் இருந்தால் ஆய்வுக்கு வர்றவங்க அதைக் கேட்பாங்க. கிழியாமல் சுருட்டி நிழலில் வைத்தால் நாற்றங்காலுக்கு இன்னொரு முறை ஆகும்.