‘பல்ஸ் வால்வு’க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

போர்ட் லூயிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இங்கே மொரிஷியசில், சிமெண்டுக் கிடங்கில் தூசி வடிகட்டிகளைப் பராமரிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நான்கு பக்கக் கையேடு தயாராகிறது. மூலம் பிரெஞ்சு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

வடிகட்டியில் தூசியைத் தடுக்கும் பைகளுக்குள் காற்றை அடிப்பது ‘பல்ஸ் வால்வு’. அதற்குக் காற்று தரும் தொட்டியில் 5, 6 பார் அழுத்தம் இருக்கும். வால்வு 100 முதல் 150 மில்லிநொடி மட்டும் திறந்து மூடும். அந்த ஓர் அடியில் பை உப்பி, வெளிப்புறம் படிந்த தூசி உதிர்ந்துவிடும். வால்வில் மூன்று வகை உண்டு: நுழைவாயும் வெளிவாயும் 90 பாகையில் அமைந்தது, இரண்டும் ஒரே கோட்டில் உள்ளது, தொட்டியின் மேலேயே உட்கார்ந்து, அதன் வெளிக்குழாய் தொட்டிக்குள் ஊடுருவிப் போவது. ‘துடிப்பு ஓரதர்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ரோஸ்ஹில்லிலிருந்து:

பொருந்தாது ஐயா. ஓர் அதர், ஒரே வழி. திரும்பி வரவிடாத வால்வுக்கு அது அழகான பெயர். இங்கே வேலை திசையைக் காப்பதல்ல, சட்டென்று திறப்பது. ‘துடிப்பு’ம் இடிக்கிறது. துடிப்பு தானாக, ஓயாமல் நடப்பது. இந்த வால்வு ஒரு தடவை அடித்துவிட்டு, அடுத்த முறை வரும்வரை சும்மா இருக்கும். ‘வெடிப்பு’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இதே கையேடு நாளை சர்க்கரைக் கிடங்குக்கும் போகும், சர்க்கரைத் தூசி உண்மையிலேயே வெடிக்கும்.

‘சொடுக்கு’ என்பேன். சாட்டையைச் சொடுக்குகிறோமே, அது. நல்ல வால்வு ‘டப்’பென்று சொடுக்கும். ‘புஸ்’ஸென்று இழுத்தால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது வால்வைத் திறக்கவைக்கும் மின்காந்த முனை கசியும். பெயரைக் கேட்டாலே எந்த ஓசைக்குக் காது கொடுக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

மோக்காவிலிருந்து:

‘சொடுக்கு’ நன்று. ஆனால் அதன்பின் ‘வால்வு’ எதற்கு? பிரெஞ்சில் இதை ‘வான்’ என்கிறார்கள், மதகுக்கும் அதே சொல்தான். ஈழத்தில் குளம் நிரம்பி வழிந்தால் ‘வான் பாய்கிறது’ என்பார்கள். அங்கே இருப்பது ‘வான் கதவு’. ஒலியும் பொருளும் இப்படி ஒட்டியிருப்பது தற்செயலா? நம் சொல்லே கடல் கடந்து போயிருக்கலாம். ‘சொடுக்கு வான்’ என்றால் இரு மொழியாருக்கும் விளங்கும்.

ரோஸ்ஹில்லிலிருந்து:

அம்மா, பிரெஞ்சுச் சொல் இடைக்கால இலத்தீன் ‘வென்னா’விலிருந்து வந்தது. ஆற்றில் மீன் பிடிக்க நட்ட வேலியணைக்குப் பெயர் அது. ஈழத்து வானுக்கும் அதற்கும் உறவில்லை. தமிழ்நாட்டுக்காரர் ‘வான்’ என்றதும் அண்ணாந்து பார்ப்பார்.

கியூர்பிப்பிலிருந்து:

வால்வை ‘இதழ்’ ஆக்கி ‘சொடுக்கிதழ்’ என்றால் என்ன? தூய தமிழ், நாவுக்கும் எளிது.

போர்ட் லூயிலிருந்து:

உதிரிபாகச் சீட்டில் சிக்கும் ஐயா. ‘இதழ் இரண்டு’ என்று எழுதினால் கிடங்குக்காரர் முழு வால்வைத் தருவாரா, உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வைத் தருவாரா? சவ்விலும் வேறுபாடு உண்டு. நைட்ரைல் ரப்பர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். சூடான இடத்துக்கு ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர் வேண்டும். மாற்றிப் போட்டால் சவ்வு இறுகிக் கிழிந்துவிடும்.

மூன்றாவது வகைக்கு மூலத்தில் ‘மூழ்கிய’ என்று இருக்கிறது. அதை அப்படியே வைக்கட்டுமா?

ரோஸ்ஹில்லிலிருந்து:

வேண்டாம். அது மூழ்குவது காற்றில். ‘மூழ்கு வால்வு’ என்று படித்தவர் தொட்டியில் தண்ணீர் நிற்பது இயல்பு என்று நினைத்துக்கொள்வார். தண்ணீர்தான் இதற்கு முதல் எதிரி. தொட்டியின் அடிவடிகாலை நாள்தோறும் திறந்துவிடவேண்டும். ‘உள்ளமர் வால்வு’ போதும். வளைவு குறைவதால் அழுத்த இழப்பும் குறையும் என்பதை ஒரு வரியில் சேருங்கள். மற்ற இரண்டும் செங்கோண வால்வு, நேர்வழி வால்வு.

இன்னொன்று இதைவிட முக்கியம். சவ்வில் உள்ள பொடித்துளையை வரைவில் ‘கசிவுத்துளை’ என்று போட்டிருக்கிறீர்கள். கசிவு என்றால் பழுது. யாராவது பசை வைத்து அடைத்துவிடுவார். அந்தத் துளை வழியாகத்தான் சவ்வுக்கு மேலே உள்ள மேலறையில் காற்று நிரம்பும். மேலே அழுத்தம் படும் பரப்பு பெரிது, அதனால் சவ்வு கீழே அழுந்தி மூடும். மின்காந்தம் மேலறைக் காற்றை வெளியே விட்டால் சவ்வு எழும்பும். துளையைத் துருவோ எண்ணெயோ அடைத்தால் வால்வு மூடாமல் ஊதிக்கொண்டே இருக்கும், தொட்டியின் அழுத்தம் சரியும், ஒரு பைவரிசையின் பழுதால் மற்றப் பைவரிசைகளும் தூசி உதிர்க்காது. ஊசியால் குத்திப் பெரிதாக்கினாலோ மேலறை காலியாவதற்குள் மறுபடி நிரம்பி, வால்வு திறக்கவே தயங்கும். ‘சமன்துளை’ என்று எழுதுங்கள். ‘அடைக்காதே, பெரிதாக்காதே, தொட்டிக் காற்றை முழுக்க விட்டபின்தான் மூடியைக் கழற்று’ என்று பக்கத்திலேயே தடித்த எழுத்தில் வரட்டும்.

கியூர்பிப்பிலிருந்து:

சமன்துளைக்கு என் முழு ஒப்புதல். ‘சொடுக்கு’ மட்டும் இன்று கணினிச் சுட்டியோடு ஒட்டிப்போயிற்று. படிக்கப்போகிறவர்கள் ஊரில் ‘பல்ஸ் வால்வு’ என்றே சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் சொல்லை எடுத்துவிட்டு யாருக்காக எழுதுகிறோம்?

போர்ட் லூயிலிருந்து:

முதல் பக்கத்தில் ‘பல்ஸ் வால்வு எனப்படும் சொடுக்கு வால்வு’. அதன்பின் சொடுக்கு வால்வு. மூவர் சரி என்கிறார்கள். அச்சுக்கு அனுப்புகிறேன்.

மோக்காவிலிருந்து:

நான் அந்த மூவரில் இல்லை. வான் கதவைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.