மறு: இன்டர்புரொஃபஷனல் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருத்துவம், செவிலியம் போன்ற வெவ்வேறு தொழில்களின் மாணவர்கள் சேர்ந்து கற்பதைத்தான் இன்டர்புரொஃபஷனல் கல்வி என்கிறோம். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும்போது வந்த யோசனை இது:

> 'பணியிடைக் கற்றல்' என்று வைத்தால் என்ன? சுருக்கமாக இருக்கிறதே.

சுருக்கம்தான். ஆனால் பணியிடை என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது பணியிடை நீக்கம். மாணவன் வேலைக்குச் சேரும் முன்பே சஸ்பெண்ட் ஆன மாதிரி இருக்கும். 'பல்தொழில்' இன்னும் மோசம்; மருத்துவமனையில் பல் என்று ஆரம்பித்தால் பல் டாக்டர்தான் திரும்பிப் பார்ப்பார்.

'துறையிடை'யும் ஒட்டவில்லை. இதயநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அது துறையிடை. நாம் பேசுவது மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை சிகிச்சையாளர் எல்லோரும் சேர்வதை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் தந்த விளக்கப்படி, இந்தக் கல்வி என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பது. இதில் அந்த 'ஒருவரிடமிருந்து'தான் நம் பிள்ளைகளுக்கு இடிக்கிறது. போன வாரம் வார்டு ரவுண்டில், "இவர் ராத்திரி தூங்கினாரா?" என்று கேட்டேன். ஐந்து பேரும் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். இரவுப் பணி முடித்துப் பக்கத்திலேயே நின்றிருந்த சிஸ்டரை ஒருவரும் கேட்கவில்லை.

இலங்கையில் புரொஃபஷனை வாண்மை என்பார்கள். ஆசிரியர்களின் 'வாண்மை விருத்தி' அங்கே பழகிய சொல். 'வாண்மையிடைக் கூட்டுப்பணி' எனக்குப் பிடித்திருக்கிறது. தொழில் என்றால் வரும் வியாபார வாடை இதில் இல்லை. சென்னையில் முதலில் "வாய்மையா?" என்பார்கள். பழகிவிடும்.

அப்புறம் ஒரு சந்தேகம். இப்படிச் சேர்ந்து கற்பது பற்றிய மாணவர் மனப்பான்மையை அளக்க பார்செல், பிளை என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் வெளியிட்ட 19 கூற்றுகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று: 'செவிலியர், சிகிச்சையாளர்களின் வேலை முக்கியமாக மருத்துவர்களுக்கு ____ அளிப்பதே.' அந்த இடத்தில் 'பக்கபலம்' போடலாமா?

---

ஐயா, வணக்கம்.

வாண்மையிடை எனக்குச் சம்மதம். பக்கபலம் வேண்டாம். பாராட்டு மாதிரி ஒலிக்கிறது. செவிலியரை மதிக்கிற பையனும் 'ஆம்' என்று டிக் அடித்துவிடுவான், நம் கணக்கில் மதிக்காதவன் ஆகிவிடுவான். 'எடுபிடி' போட்டால் எல்லோரும் கூச்சப்பட்டு மறுப்பார்கள். வெறும் 'உதவி' போதும்.

இன்னொன்று. நீங்கள் இணைத்திருந்த முன்னுரையில் 'துணை மருத்துவப் பணியாளர்' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்தத் 'துணை'யே அவர்களை மருத்துவருக்குக் கீழே வைத்துவிடுகிறது; கேள்வித்தாளிலேயே விடையையும் அச்சடித்த மாதிரி! மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் என்று அவரவர் பெயரைச் சொல்லியே எழுதிவிடுங்கள், வரி நீண்டாலும் பரவாயில்லை.