படிவம் மூன்று, நான்கு பிள்ளைகளுக்குக் கனமான படப்புத்தகங்கள்: எதை எடுப்பது, எப்படி வாசிப்பது?

செந்தூல்_வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பு, 15, 16 வயதில் 20 பேர். சாவு, மனச்சோர்வு, ஊரை விட்டுப் போவது என்று கனமான விஷயங்களைப் பேசும் படப்புத்தகங்களை வைத்து நான்கு வாரம் வாசிப்பு நடத்தணும். "படப்புத்தகமா? நாங்க என்ன பாலர் பள்ளியா?" என்று கேட்பார்கள். நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது அடுத்த சிக்கல். பேச்சு தமிழில் நடக்கணும். எவற்றை எடுக்கலாம்?

ஜெலுத்தோங்_புத்தகப்புழு:
வணக்கம் டீச்சர். முதல் வாரம் சொல்லே இல்லாத புத்தகத்தில் தொடங்குங்கள். ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் 'தி அரைவல்' (2006), 128 பக்கம். பிழைப்புக்காகக் குடும்பத்தை விட்டு வேற்றூர் போகும் ஒரு மனிதனின் கதை. அந்த ஊரின் எழுத்துகள்கூட ஓவியரே உருவாக்கியவை. அந்த மனிதனுக்குப் புரியாதது வாசிக்கிறவருக்கும் புரியாது. அதனால் ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளையும் தடுமாறும் பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்பார்கள். ஷான் டானின் தந்தை மலேசியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் என்பதை வாசித்து முடித்த பிறகு சொல்லுங்கள். தொடக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களில் காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, தேநீர்க் கெண்டி என்று வீட்டுப் பொருள்கள் வரும். கடைசியில் அதே அடுக்கு, புது ஊரின் பொருள்களோடு திரும்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாலே அரைமணி நேரம் பேசுவார்கள். பாலர் பள்ளிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் வாரம் அவருடைய 'தி ரெட் ட்ரீ' (2001). சோர்ந்துபோன ஒரு சிறுமி, பக்கத்துக்கு ஒரு வரிக்குமேல் பெரிதாக எழுத்து இல்லை. ஒரு பக்கத்தில் தெருவையே மறைக்கும் பெரிய மீன் அவள் தலைக்குமேல் தொங்கும். எல்லாப் படத்திலும் எங்கோ ஒரு சின்னச் சிவப்பு இலை ஒளிந்திருக்கும். இதைக் கருப்பு வெள்ளையில் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சிவப்பு சாம்பலாகி, இலை பின்னணியோடு கலந்துவிடும். இலை போனால் புத்தகம் வெறும் இருட்டு. இலை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம். ஒருவர் கண்டுபிடித்ததும் மற்றவர்கள் தாமாகவே முதல் பக்கத்துக்குத் திரும்புவார்கள்.

மூன்றாம் வாரம் ஜெர்மன் ஓவியர் வுல்ஃப் எர்ல்புருக் 2007இல் வெளியிட்ட புத்தகம், ஆங்கிலத்தில் 'டக், டெத் அண்ட் தி டுலிப்'. ஒரு வாத்தும் மரணமும் சிநேகிதமாகும் கதை. தமிழில் சொல்லும்போது தயவுசெய்து 'எமன்' போடாதீர்கள். போட்டதுமே எருமையும் பாசக்கயிறும் மனசில் வந்து நிற்கும். படத்தில் இருப்பதோ மண்டையோட்டுத் தலையும் கட்டம்போட்ட நீள அங்கியுமாக ஒரு சாதுவான உருவம். 'மரணம்' என்றே வையுங்கள். "வாத்து கேட்டது, மரணம் சொன்னது" என்று இரண்டுக்கும் ஒரே அஃறிணை வினை வரும். இரண்டும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவது போலக் காதில் விழும். தமிழ் தானாகத் தருகிற அழகு இது, விட்டுவிடாதீர்கள்.

தமிழ் வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தின் மேல் ஒட்டுபவர்கள் உண்டு. ஆங்கில வரியைவிடத் தமிழ் வரி நீளும், படத்தில் ஏறிவிடும். எர்ல்புருக் விட்டிருக்கும் வெற்றிடம்தான் அந்தக் கதையின் மௌனம். வரிகளைத் தனித்தாளில் வைத்து வாசியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_தூரிகை:
புழு அண்ணா சொன்ன வரிசை சரி. நடத்தும் முறையைப் பற்றிக் கொஞ்சம்.

திரையில் பாய்ச்சிக் காட்டினால் பக்கம் திருப்பும் கணம் செத்துவிடும். வலப்பக்கத்தில் பயத்தை நிறுத்தி, திருப்பியதும் இடப்பக்கத்தில் விடையை வைப்பது ஓவியர்கள் கணக்குப் போட்டுச் செய்வது. புத்தகத்தைக் கையில் பிடித்து, பிள்ளைகளை அரைவட்டமாக இரண்டே வரிசையில் உட்கார வையுங்கள். 20 பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்குச் சின்ன விவரம் தெரியாது. முதல் சுற்றில் ஒரு விரிப்புக்கு (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) 15 விநாடி, பேச்சே வேண்டாம். இரண்டாம் சுற்றில் வரிகளோடு. அதன் பிறகு ஐந்தைந்து பேராகப் பிரித்து, புத்தகம் கைக்குக் கை போகட்டும். அப்போது பெரிதுபடுத்திப் பார்க்க வேண்டுமானால் திரை உதவும்.

"இந்தக் கதையின் படிப்பினை என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் ஆரம்பப்பள்ளியிலிருந்தே அதற்குப் பதில் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். "எந்தப் பக்கத்தில் திருப்பாமல் நிற்கத் தோன்றியது?" என்று கேளுங்கள். அதற்குப் பொய்ப்பதில் சொல்ல முடியாது.

செந்தூல்_வாசகி:
மிக்க நன்றி. வகுப்பில் ஒரு மாணவரின் தந்தை அண்மையில் தவறிவிட்டார். மூன்றாம் வாரத்தை விட்டுவிடவா? நான்காம் வாரம் பிள்ளைகளே புத்தகம் செய்தால் எப்படி?

ஜெலுத்தோங்_புத்தகப்புழு:
விட வேண்டாம் டீச்சர், ஆனால் திடீரென்று அவர் முன்னால் திறக்கவும் வேண்டாம். இரண்டு நாள் முன்பே தனியாக அவரைக் கூப்பிட்டுக் கதையை முடிவுவரை சொல்லிவிடுங்கள். வாத்து இறந்துவிடும், மரணம் அதை ஆற்றில் விடும் என்பது வரை. வருவதா, அந்த வேளை நூலகத்தில் இருப்பதா என்று அவரே முடிவு செய்யட்டும். பள்ளி ஆலோசகரிடமும் தேதியைச் சொல்லி வையுங்கள். வகுப்பில் அவர் அமைதியாக இருந்தால் பேச வைக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_தூரிகை:
செய்யலாம் டீச்சர். நான்கு ஏ4 தாளை மடித்தால் 16 பக்கம்; 32 பக்கம் இந்த வயதுக்கு இழுக்கும். 80 கிராம் தாளில் நீர்வண்ணம் சுருங்கிப் பின்பக்கம் தெரியும், 120 கிராமாவது வாங்குங்கள். 8, 9ஆம் பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளில் விரியும். மற்ற விரிப்புகளில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள், படம் நடுவில் பிசகும். மிகக் கனமான படத்தை அந்த நடுவிரிப்புக்கு வையுங்கள். முதலில் கட்டைவிரல் அளவுக் கட்டங்களில் பென்சிலால் முழுப்புத்தகத்தையும் ஒரே தாளில் வரையட்டும். நேராக வண்ணத்துக்குப் போகிறவர்கள் ஆறாம் பக்கத்திலேயே கதையை முடித்துவிடுவார்கள்.

கதைப்பொருளுக்குச் சயாம் மரண ரயில் பாதையை யோசியுங்கள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட வைத்தது. 415 கிலோமீட்டர், 1942-43, நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்ப் போனவர்கள். பிள்ளைகள் உடனே எலும்புக்கூடுகளை வரைவார்கள். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் ஆணியில் தொங்கும் தகரக் குவளையை வரையச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தில் அதே வாசல், அதே ஆணி, குவளை மட்டும் இல்லை.