மறு: எக்ஸ்ரெண்டட் வொரண்டிக்குத் தமிழ் – ‘திருத்தச் சந்தா’ என்று முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘எக்ஸ்ரெண்டட் வொரண்டி’க்கு, அதாவது சாதனம் வாங்கும்போது கடையில் தனிக்காசு வாங்கி விற்கும் திருத்தத் திட்டத்துக்கு, தமிழில் என்ன சொல்வது என்று கேட்டுத் தொடங்கியவன் நான் என்பதால், இதுவரை வந்த மறுமொழிகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். புதியவர்களுக்காக: இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனில் மின்சாதனத் திருத்தகம் வைத்திருக்கிறேன். தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்கு வீட்டு மின்சாதனத் திருத்தமும் படிப்பிக்கிறேன். அடுத்த அணிக்குக் கொடுக்கப்போகும் தமிழ்க் குறிப்பில் இந்தச் சொல் வேண்டும்.

> ‘நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம்’ ஏற்கெனவே விளம்பரங்களில் வந்துவிட்டது. புழக்கத்தில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, அந்தத் தொடர் சொல்வது ஒன்று, கடையில் நடப்பது வேறொன்று. ஒரு பிரிட்ஜ் வாங்கினால் விலைக்குள்ளேயே ஒரு பொறுப்பு அடங்கி வருகிறது. ‘இத்தனை மாதத்துக்குள் எங்கள் குறையால் பழுதானால் நாங்கள் பார்ப்போம்’ என்று செய்தவரோ இறக்கியவரோ ஏற்கும் பொறுப்பு அது. அதைத்தான் உத்தரவாதம் என்கிறோம். அதன்பிறகு தனியாகக் காசு வாங்கி எழுதித் தரும் துண்டு வேறு வியாபாரம். பல இடங்களில் எழுதித் தருபவரே வேறு ஆள், நிபந்தனைகளும் வேறு. ‘நீட்டிக்கப்பட்ட’ என்றதும் பழைய பொறுப்பே இன்னும் இரண்டு வருஷம் தொடர்கிறது என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும்.

அமெரிக்காவில் இதைச் சட்டமே பிரித்துவைத்திருக்கிறது. 1975ஆம் ஆண்டின் மக்னுசன்–மொஸ் வொரண்டிச் சட்டத்தின்படி விலையோடு சேர்ந்து வருவது வொரண்டி. தனிக்காசு கொடுத்து வாங்குவது சேர்விஸ் கொன்ராக்ற், அதாவது சேவை ஒப்பந்தம். நியூ ஜேர்சி அக்கா தன் மறுமொழியில் எழுதிய, வீட்டுச் சாதனங்களுக்கான ‘ஹோம் வொரண்டி’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெயரில் மட்டும்தான் வொரண்டி. வருஷத்துக்கு ஒரு கட்டணம், ஆள் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு கட்டணம், ஒரு சாதனத்துக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு. முன்பே இருந்த பழுதும் பராமரிக்காததால் வந்த பழுதும் சேராது.

இலங்கையிலும் எதுவும் எழுதாமலே ஒரு பாதுகாப்பு உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, என்ன தேவைக்கு வாங்குகிறார் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தக்கதாக இருந்தாக வேண்டும். உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். 1977க்கு அழைத்து வழி கேட்கலாம், முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். இதெல்லாம் காசு கட்டாமல் கிடைக்கும் உரிமை. உரிமைக்கும் காசுக்கு விற்கும் சேவைக்கும் ஒரே சொல்லை வைத்தால், சனம் தங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் காசு கொடுத்து வாங்கும்.

வட இலங்கையில் எங்கள் வன்னிப் பகுதியில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2009இல் போர் முடியும் முன் இங்கே பல ஆண்டுகளாகத் தேசிய மின்வலையமைப்பு இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள்தான் வளர்ந்து, தங்கள் குடும்பத்தின் முதல் பிரிட்ஜை எடுத்தார்கள், அதுவும் பெரும்பாலும் தவணைக்கு. தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது நீட்டிப்புக் காசும் சேர்ந்து போய்விடுகிறது. விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் பிரிட்ஜோடு வந்தார். பற்றுச்சீட்டில் அது தனி வரியாக இருந்தது. கேட்டதற்கு, “உத்தரவாதம் எண்டு சொன்னவை தம்பி, எல்லாருக்கும் குடுக்கிறதுதானே” என்றார். வெப்பத்தாளில் அடித்த சீட்டு. எங்கள் வெயிலுக்குப் பாதி எழுத்து வெளிறிவிட்டது. ‘மூலப் பற்றுச்சீட்டு இன்றேல் கோரிக்கை ஏற்கப்படாது’ என்ற வரி மட்டும் நீட்டிப்பு அட்டையில் அச்சிட்டபடி தெளிவாக இருந்தது.

பின்பக்க மூடியைக் கழற்றினேன். மின்சுற்றுப் போட்டில் கரண்ட் உள்ளே வரும் முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நீல வில்லை, மிகை வோல்ற்றளவைத் தான் தாங்கிக்கொள்ளும் வரிஸ்ரர், வெடித்துக் கரிந்திருந்தது. அதை ஒட்டிய பியூஸின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. மிகை வோல்ற்றளவு வந்து தாக்கிய தடம் அது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில்: மின்னல், மின்வழங்கல் ஏற்றத்தாழ்வு, பூச்சி, பல்லி, எலி, துரு இவற்றால் வரும் சேதம் அடங்காது. வன்னியில் சாதனங்களைக் கொல்லும் காரணங்களை எழுதச் சொன்னால் நானும் கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் எழுதுவேன். கிணற்று நீரின் கடினத்தன்மையை மட்டும் கூடச் சேர்த்திருப்பேன்; கேத்தலிலும் வாஷிங் மெஷின் ஹீற்றரிலும் கல் படிய வைப்பது அதுதான்.

> அப்ப இந்தத் திட்டங்கள் வாங்கவே தேவையில்லை என்கிறீர்களா?

அக்கா, பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. உற்பத்திக் குறை இருந்தால் அது முதல் மாதங்களிலேயே, உத்தரவாதக் காலத்துக்குள் தெரிந்துவிடும். தேய்மானப் பழுது கனகாலம் கழித்து வரும். நீட்டிப்பு விற்கப்படுவதோ இரண்டுக்கும் இடைப்பட்ட, பழுது மிகக் குறைந்த காலத்துக்கு. கணக்காகவும் பார்க்கலாம். திட்டத்துக்கு 10,000 ரூபா, சராசரித் திருத்தச் செலவு 25,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலத்துக்குள் பத்து பிரிட்ஜில் குறைந்தது நாலு பழுதானால்தான் கட்டிய காசு சரிவரும். ‘கொம்பிரசருக்கு 10 வருஷம்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டும் பல வேளைகளில் கொம்பிரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். வாயு நிரப்பும் செலவு, கூலி, போட் எல்லாம் எங்கள் கையால்.

அந்தக் காசுக்கு, வோல்ற்றளவு கூடிக் குறைந்தால் கரண்டைத் துண்டிக்கும் நல்ல பிரிட்ஜ் கார்ட் ஒன்றும் ஒழுங்கான புவிக்கம்பி இணைப்பும் செய்யச் சொல்லி வருகிறேன். இங்கே வழங்க வேண்டியது 230 வோல்ற், கூடக்குறைய 6 சதவீதம். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் விளக்கு மங்குவதைப் பார்த்தாலே விளங்கும், அந்த அளவு வருவதில்லை. மோட்டரின் தொடக்க முறுக்கம், அதாவது சுழலத் தொடங்கும் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்தோடு குறையும். 180 வோல்ற்றில் அது 61 சதவீதம்தான். கொம்பிரசர் சுழலமுடியாமல் உறுமும், சுற்று சூடேறும், ‘டிக்’ என்று நிற்கும், திரும்ப உறுமும். கரண்ட் போய் உடனே வந்தாலும் இதே கதிதான், உள்ளே அழுத்தம் இறங்கியிருக்காது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, கரண்ட் வந்ததும் மூன்று நிமிஷம் பொறுத்து இணைக்கும் கார்ட் இருந்த வீடுகளில் கொம்பிரசர் தப்பியதை நேரே பார்த்தேன். எந்தத் துண்டும் செய்யாத வேலை அது.

ஒரு விதிவிலக்குச் சொல்ல வேண்டும். கடையில் சோடா, ஐஸ்கிறீம் விற்றுப் பிழைப்பவருக்குத் திடீரென்று பெருந்தொகை புரட்ட முடியாது. மின்வழங்கல் பழுதும் அடங்கும் என்று எழுத்தில் தந்து, திருத்துபவரும் யாழ்ப்பாணத்தில் இல்லாமல் கிளிநொச்சியிலேயே இருந்தால், அவர் வாங்குவதில் நியாயம் உண்டு.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘பழுதுக்காப்பு’ என்று ஒருவர் தந்தது சுருக்கமாக இருக்கிறது. ஆனாலும் ‘காப்பு’ என்றதும் பழுதே வராது என்ற எண்ணம் தட்டுகிறது. ‘காப்புறுதி’ சேர்த்தால் காப்புறுதிச் சட்டத்துக்குள் வராத ஒன்றுக்கு அந்த மதிப்பைக் கொடுத்துவிடுவோம். ‘திருத்தச் சந்தா’ என்றால் இரண்டும் வெளியே தெரிகிறது: கிடைப்பது திருத்தம், கொடுப்பது சந்தா. ஊரில் மரண உதவிச் சங்கத்துக்குக் கட்டுவது போன்றதுதான். எல்லாரும் கட்டுவார்கள், தேவை வந்தவருக்குப் போகும், கட்டிய காசு திரும்பாது. சந்தா கட்டலாமா வேண்டாமா என்று கேட்கச் சனத்துக்குத் தெரியும்.

சந்தா தமிழ்ச்சொல் அல்ல என்ற மறுப்பை மதிக்கிறேன். ஆனால் ஊர்ச் சங்கங்களின் பற்றுச்சீட்டுப் புத்தகங்களில் ஊறிய சொல்லை விலக்கிப் புதிதாக ஒன்று செய்தால், கையெழுத்து வைக்கும் இடத்தில் அது உதவாது. ஒரே தடவை கட்டுவதைச் சந்தா எனலாமா என்ற கேள்விக்கு ‘ஆயுள் சந்தா’ விடை தருகிறது. சஞ்சிகைகளுக்கு ஒரே தடவைதானே கட்டினோம்.

இதோடு ‘உழைகாலம்’ என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். பொருள் எவ்வளவு காலம் பயன் தரும் என்பதற்கு ‘நீடித்துழைக்கும் தன்மை’ என்று நீட்டி எழுதுகிறோம். ‘நல்லா உழைக்கும்’ என்று சனம் சொல்வதிலேயே வேர் இருக்கிறது. விளைநிலம் போல உழைகாலம். பிள்ளைகளுக்கு இப்படி எழுதிக்கொடுக்கலாம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், குளிர்சாதனப் பெட்டியின் முக்கிய உதிரிப்பாகங்கள் குறைந்தது 7 ஆண்டுகளுக்கும் சலவை இயந்திரத்தினுடையவை 10 ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும், இது உழைகாலத்தைக் கூட்டும் விதி. உத்தரவாதத்தையோ திருத்தச் சந்தாவையோ அது பேசவில்லை. மூன்றும் மூன்று சொல்லாக நின்றால்தான் இப்படிப் பிரித்துக் காட்ட முடியும்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆள் வந்து பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் வாங்கும் காசை ‘வருகைக்கூலி’ என்பதா, ‘வருகைக்கட்டணம்’ என்பதா? கூலி திருத்துபவரின் கைக்குப் போவது, கட்டணம் நிறுவனத்துக்கு என்பதால் எனக்குப் பின்னதில்தான் விருப்பம். சட்டம் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் குறிப்பை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.