11-ஆவது வளைவில் நின்றுபோன வேன்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 11-ஆவதைத் திரும்பியதும் எங்கள் வேன் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. பெரியப்பாவிடமிருந்து என் கைக்கு வந்த பழைய டீசல் வண்டி. பின்னால் படுக்கை, அடுப்பு, சாமான் தட்டு எல்லாம் அவர் செவ்வாய்பேட்டையில் தச்சரை வைத்துச் செய்தவை.

கோரிமேடு வரை ஒரு குறையும் இல்லை. அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோதும் நன்றாகத்தான் இருந்தது. மனைவி இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். நான் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஒரு மெக்கானிக் தன் டிவிஎஸ் ஃபிப்டியை ஓரம் கட்டினார். அறுபது வயதிருக்கும். மேலே ஏதோ எஸ்டேட்டில் மருந்தடிக்கும் மெஷினைச் சரிபார்க்கப் போகிறவர். "பேட்டரியக் கொல்லாதீங்க தம்பி" என்றார் முதலில். அப்புறம் ஒரே கேள்வி: "சமதளத்துல நல்லா வந்து ஏத்தத்துல மட்டும் நின்னுச்சா?"

ஆமாம் என்றதும் நேராக வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

"டீசல் ஒரு சொட்டுகூட ஒழுகலீங்கண்ணே" என்றேன்.

"ஒழுகாது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கறது உறிஞ்சற பக்கம். அங்க விரிசல் விட்டா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும்."

டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பம்ப் இன்னும் உயரத்துக்கு டீசலை இழுக்க வேண்டும், விரிசல் வழியாகக் காற்றும் கூடவே வந்துவிடுகிறது. வண்டியைத் தொடுவதற்கு முன்பே அந்த ஒரு கேள்வியில் அவர் இதைப் பிடித்துவிட்டார். எனக்கு இன்றும் அதுதான் ஆச்சரியம்.

ரப்பர் ஹோஸ் முழுக்கக் காய்ந்து வெடித்திருந்தது, ஒட்டுப்போட வழியில்லை. பையிலிருந்து மருந்தடிக்கும் ஹோஸ் ஒரு துண்டு எடுத்தார். "ஒரு கேன் குடுங்க." தண்ணீர் கேனை நீட்டினேன், தள்ளிவிட்டார். துளி தண்ணீர் போனாலும் பம்ப் கெட்டுவிடுமாம். கடைசியில் மனைவி 5 லிட்டர் எண்ணெய் கேனைப் பாத்திரத்தில் கவிழ்த்துக் காலி செய்து கொடுத்தாள். உள்ளே துணி விட்டு நன்றாகத் துடைத்தார். எங்கள் டேங்கிலிருந்தே டீசலை இறக்கிக் கேனில் பிடித்து, கூரைக் கேரியரின் முன்பக்கம் கயிற்றால் கட்டினார். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை, காற்றுப் போகாவிட்டால் டீசல் இறங்காது. ஹோஸை அங்கிருந்து நேராக பம்புக்குக் கொடுத்து, கிளிப் இல்லாததால் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்கினார்.

அப்புறம் ஏர் எடுத்தார், அதாவது உள்ளே புகுந்திருந்த காற்றை வெளியேற்றினார். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கை பம்பை அழுத்த அழுத்த, நுரைத்த மோர் போல டீசல் பொங்கியது. நுரை குறைந்து, குமிழ் குறைந்து, கண்ணாடி மாதிரி வழிய ஆரம்பித்ததும், வழியும்போதே திருகை இறுக்கினார். இரண்டாவது செல்ஃபில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"எஞ்சின் எரிச்சது போக மிஞ்சித் திரும்பற ரிட்டர்ன் டீசல் பழைய டேங்குக்கே போயிரும். கேன் சீக்கிரம் காலியாகும், 17-ஆவது வளைவுல நிறுத்திப் பாருங்க." சரியாக அங்கே பாதிதான் மிச்சம் இருந்தது.

ஹோஸ் விலையைத் தவிர ஒரு ரூபாயும் வாங்கவில்லை. வேன் நகர்ந்ததும், சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பள்ளத்தோரம் வைத்தார். இருட்டில் பைக்கில் வருகிறவன் அதில் விழுவான் என்றார்.

*

இதைப் படித்த வாசகர் ஒருவர் எழுதியது: உங்கள் அனுபவத்தைப் படித்ததும் எனக்கு ஓமலூர் ரோடு நினைவுக்கு வந்தது. எங்கள் வேனில் டேங்க் அடியிலேயே கீறல், டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடை அண்ணன் துணி சோப்பை எடுத்து ஈரமே படாமல் கீறலில் தேய்த்துத் தேய்த்து அடைத்தார். சோப்பு தண்ணீரில்தான் கரையும், டீசலில் கரையாது. வீடு வரை ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் டேங்கைக் கழற்றி வெல்டிங் வைத்தோம்.