சீனிப் பானங்கள்: நிற வட்டமா, வரியா, பாடசாலை வாசல் தடையா?

வெள்ளவத்தை வாணி
எங்கள் பெற்றோர் சங்கம் சுகாதார அமைச்சுக்கு ஒரு முன்மொழிவு எழுதுகிறது. கொழும்புப் பாடசாலைகளைச் சுற்றிச் சீனிப் பான விற்பனையைக் கட்டுப்படுத்த எந்தச் சட்டவழி பலிக்கும்? போத்தலில் சீனி அளவைக் காட்டும் நிற வட்டம் போதாதா?

கோப்புக்கட்டு
போதாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிப்படி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 10.9 கிராமும் 3 கிராமும் ஒரே நிறம்! சிவப்பிலிருந்து தப்பியபின் மேலும் குறைக்கக் கம்பனிக்கு என்ன தேவை?

கிராம் கணக்கு வரி அப்படியல்ல. 2017 நவம்பரில் கிராமுக்கு 50 சதம் விதித்தார்கள். அந்தக் கணக்கில், 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் வீதம் 330 மில்லிலீற்றர் ரின்னில் 36.3 கிராம் சீனி, வரி 18.15 ரூபாய். அதையே 8 கிராமாக்கினால் வரி 13.20 ரூபாய். தொழிற்சாலையிலோ சுங்கத்திலோ அறவிடுவதால் கடை கடையாக ஏறி இறங்கவும் வேண்டாம். ஆனால் வர்த்தமானியால் வந்ததை வர்த்தமானியாலேயே குறைக்கலாம்; பிறகு குறைத்தும் விட்டார்கள். குறைக்காவிட்டாலும் பணவீக்கம் தின்றுவிடும். ஆண்டுதோறும் விலைச்சுட்டியோடு வரி உயரும் என்று சட்டத்திலேயே எழுதக் கேளுங்கள். முன்மொழிவின் முதற்பக்கத்தில் இது வரவேண்டும்.

ஆய்வுமேசை
வரைவில் "சேர்க்கப்பட்ட சீனி" என்று எழுதிவிடாதீர்கள். வழமையான சோதனை குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்குரோஸ் அளவைக் காட்டும். அது பழத்திலிருந்து வந்ததா, சீனி மூட்டையிலிருந்து வந்ததா என்று பிரித்துக் காட்டாது. வழக்கு அந்த இடத்திலேயே விழும். "மொத்தச் சீனி" என்று வையுங்கள், வெறும் பாலுக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்குக் கொடுங்கள். கோர்டியலுக்கும் தூளுக்கும் லேபலில் சொன்னபடி கரைத்தபின் வரும் அளவே கணக்கு.

வெள்ளவத்தை வாணி
நன்றி. வாசலிலிருந்து 100 மீற்றருக்குள் விற்கக் கூடாது என்று மாநகர சபையிடம் கேட்கலாமா?

கோப்புக்கட்டு
வாசலிலிருந்தா, மதிலிலிருந்தா? முதல் வழக்கிலேயே இதைக் கேட்பார்கள். பாடசாலைகள் நெருங்கிய கொட்டாஞ்சேனை போன்ற இடத்தில் 100 மீற்றர் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முழுத் தெருவும் அடைபடும். சபை இயற்றும் துணைவிதி, சபைக்குத் தாய்ச்சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டவும் முடியாது. நியூயோர்க் நகரச் சுகாதாரச் சபை பெரிய சீனிப் பானக் கோப்பைகளுக்கு வைத்த வரம்பை 2014இல் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் அதிகார மீறல் என்றே தள்ளியது. வயது, தூரத் தடைகளுக்குப் பாராளுமன்றச் சட்டமே பாதுகாப்பு. புகையிலை, மதுசாரத்துக்கு 21 வயது எல்லை வந்ததும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால்தான். சபையிடம் கேட்பதானால், பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளோடு நிறுத்துங்கள்.