சென்னைக்கு மேலே 28 நிமிடம்

இடது சீட்:

"கீழே ஊர் விளக்கெல்லாம் தெரிஞ்சுது, மழையும் விட்டிருந்தது. அப்புறம் ஏன் பெங்களூருக்குக் கொண்டுபோய் இறக்கினீங்க?" ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு ஓட்டும், இடது சீட்டில் உட்காரும் என்னைப் போன்ற எந்தக் கேப்டனும் பயணிகளின் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பாதிப் பதில் டெல்லியில் கிளம்பும்போதே ஃப்ளைட் பிளானில் இருக்கிறது.

ஏ320 நியோ, டெல்லி–சென்னை, பறப்பது சுமார் இரண்டரை மணி நேரம். எரிபொருள் கணக்கு புரிவதற்காக முழு எண்களாகவே சொல்கிறேன். தரையில் ஓட 200 கிலோ. பயணத்துக்கு 6,000. எதிர்பாராத செலவுக்கு அதில் 5 சதவீதம், அதாவது 300. சென்னை கைவிட்டால் பெங்களூரு போக 1,500. எல்லாவற்றுக்கும் அடியில் கடைசிக் கையிருப்பு 1,100. விமான நிலையத்துக்கு 1,500 அடி மேலே 30 நிமிடம் வட்டமடிக்க அது போதும். கூட்டினால் 9,100 கிலோ. விதிப்படி இத்தோடு கிளம்பலாம்.

வழியில் எல்லாம் சரியாகப் போய் சென்னைக்கு மேலே வரும்போது டாங்கில் 2,900 இருக்கும். பெங்களூரு போகும் 1,500, கையிருப்பு 1,100, ஆக 2,600-ஐத் தொடக்கூடாது. மிச்சம் 300. ஹோல்டிங்கில், அதாவது இறங்க முறை வரும்வரை மேலேயே வட்டமடிக்கும்போது, நிமிடத்துக்கு 37 கிலோ எரிகிறது. எட்டு நிமிடம், அவ்வளவுதான். "இருபது நிமிடம் காத்திருங்கள்" என்று ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

அதனால்தான் முன்னறிவிப்பில் இடிமழை என்று கண்டதும் கேப்டன் 750 கிலோ கூட்டிப் போடச் சொல்வார். எட்டு நிமிடம் 28 நிமிடமாகும். சும்மா வருவதில்லை அது. கூடுதலாக ஏற்றும் எடையைச் சுமக்கவே மணிக்கு அதில் சுமார் 3 சதவீதம் எரிந்துவிடும். இன்னொரு முட்டுக்கட்டை இறங்கும் எடை. நியோவின் ஒரு வகையில் எரிபொருள் இல்லாத எடைக்கு உச்சவரம்பு 64.3 டன், இறங்கும்போது 67.4 டன். பயணிகளும் கார்கோவும் வரம்பு வரை நிரம்பியிருந்தால், இறங்கும்போது டாங்கில் 3.1 டன்னுக்கு மேல் இருக்க முடியாது. நாம் கேட்பதோ 3.65. ஆக, 550 கிலோ கார்கோவை இறக்க வேண்டும். லோட் ஷீட்டை (எடைக் கணக்குத் தாளை) கையில் வைத்துக்கொண்டு கமர்ஷியல் ஆட்களோடு வாக்குவாதம் நடப்பது இந்த இடத்தில்தான். கையெழுத்து கேப்டனுடையது, அதனால் கடைசிச் சொல்லும் அவருடையதே.

டிஸ்பாட்ச் மேசை (தரையில் ஃப்ளைட் பிளான் போடுபவர்):

கேப்டன் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட் (இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று நிலையம்) என்றாலே எல்லோரும் பெங்களூரு போடுகிறார்கள். கிட்டத்தில் இருக்கிறது, பெரிய நிலையம். ஆனால் சென்னை ஒரு மணி நேரம் அடைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து விமானங்கள் அங்கேயே போய் நிற்கும், பே (விமானம் நிறுத்தும் இடம்) இருக்காது. "பெங்களூரு இனி எடுக்காது" என்ற செய்தி மேலே சுற்றிக்கொண்டிருப்பவருக்குப் போய்ச் சேரும்போது அவரிடம் ஹைதராபாத்துக்கு எரிபொருள் இருக்காது. அதனால் புயல் நாட்களில் திருச்சியையோ கோவையையோ கணக்கில் எடுப்பதே என் வழக்கம். அங்கேயும் பே எண்ணிக்கை குறைவுதான், முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

போகி இன்னொரு வகைத் தொல்லை. விடிகாலையில் டயர், பாய் எரித்த புகை, மார்கழிப் பனியோடு சேர்ந்து ரன்வே மேல் படுத்துவிடும், காற்றும் இருக்காது. 2018 போகியன்று சென்னையில் அப்படித்தான் பல விமானங்கள் திருப்பிவிடப்பட்டன, ரத்தாயின. அதே நேரம் பெங்களூரிலும் மூடுபனிக் காலம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஊரும் ஒரே காலையில் மூடினால் ஆல்டர்னேட் என்று காகிதத்தில் எழுதியது வெறும் எழுத்துதான். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4, ஓடுபாதையில் தண்ணீர் ஏறி நிலையமே மூடப்பட்டது. புயலை முன்கூட்டியே கணிக்கலாம். புகையைக் கணிப்பது கஷ்டம்.

பௌசர் (எரிபொருள் லாரி) பக்கம்:

எத்தனை கிலோ என்று மேலே முடிவு செய்கிறீர்கள். கீழே பௌசர் மீட்டர் ஓடுவது லிட்டரில். சென்னை வெயிலில் ஏடிஎஃப் (விமான எரிபொருள்) லிட்டருக்கு சுமார் 0.78 கிலோ. 5,000 கிலோ கேட்டால் மீட்டர் 6,400 லிட்டரைத் தாண்ட வேண்டும். நிரப்பி முடித்ததும் லிட்டரை அடர்த்தியால் பெருக்கி, டாங்கில் முன்பு இருந்ததோடு கூட்டி, காக்பிட்டில் எரிபொருள் அளவு காட்டும் கேஜோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் அனுமதித்த அளவைத் தாண்டினால் ஏன் என்று தெரியாமல் கதவு மூடாது.

இந்தக் கணக்கு எங்கே கவிழும் என்பதற்கு 1983 ஜூலை 23, கனடாவின் போயிங் 767. கேஜ் வேலை செய்யவில்லை, குச்சி விட்டு அளந்தார்கள். டாங்கில் 7,682 லிட்டர், தேவை 22,300 கிலோ. பெருக்க வேண்டியது 0.803-ஆல். பெருக்கியது 1.77-ஆல், அது பவுண்டு கணக்கு. 20,088 லிட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர் ஏற்றினார்கள். 41,000 அடியில் எச்சரிக்கை வந்து, கீழே இறங்கத் தொடங்கிய பிறகு இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கைப் பலர் சரிபார்த்தார்கள், எல்லோரும் அதே தப்பு எண்ணை வைத்துத்தான்.

வலது சீட் (கோ-பைலட்):

மேலே சுற்றும்போது கோ-பைலட்டின் வேலை பற்றிக் கொஞ்சம். ஹோல்டிங்கில் நுழைந்ததும் ஒரு தாளில் இரண்டு எண் எழுதி நடுவில் வைப்பது நல்ல பழக்கம். ஒன்று, பெங்களூருக்குத் திரும்ப வேண்டிய எண், 2,600. மற்றது, அப்ரோச் (இறங்க ரன்வேயை நோக்கி வருவது) தொடங்க வேண்டிய குறைந்தபட்ச எண். ஒரு கோ-அரவுண்ட் (தரை தொடாமல் திரும்ப மேலே ஏறுவது) போய் மறுபடி வரிசையில் வர 12, 15 நிமிடம், சுமார் 500 கிலோ. ஆக 3,100-க்குக் கீழே அப்ரோச் போனால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, ரன்வே தெரியாவிட்டால் நேரே பெங்களூருதான். இதை இறங்கத் தொடங்குமுன் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். 300 அடியில், வைப்பர் அடித்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க நேரமில்லை.

ரேடியோவில் சொல்லும் வார்த்தையும் முக்கியம். "மினிமம் ஃப்யூயல்" என்றால் "ஒரே நிலையத்தில் இறங்குவதாக முடிவாகிவிட்டது, இனி தாமதமானால் கையிருப்பில் கை வைக்க நேரிடும்" என்று ஏடிசிக்குத் தகவல். முன்னுரிமை கேட்பதாக அர்த்தமில்லை. கையிருப்புக்குக் கீழேதான் தரை தொடுவோம் என்று கணக்கு காட்டினால் "மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்". அதற்குத்தான் பாதை காலியாகும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 ஒரு மணி 17 நிமிடம் ஹோல்டிங்கில் சுற்றியது. எரிபொருள் தீர்கிறது என்று சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள், எமர்ஜென்சி என்ற சொல் மட்டும் வரவேயில்லை. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். நம் ஊரிலும் கூச்சம் உண்டு. மேடே போட்டால் ரிப்போர்ட் எழுதணுமே என்று.

இடது சீட்:

தம்பி சொன்னது சரி. வலது சீட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வழியில் அவ்வப்போது, டாங்கில் இருப்பதையும் எரிந்ததையும் கூட்டிப் பாருங்கள். கிளம்பும்போது இருந்த எண் வர வேண்டும். வரவில்லையென்றால் கசிவு. ஒரு பக்கம் குறைகிறதே என்று பழக்கதோஷத்தில் கிராஸ்ஃபீடை (இரு பக்க எரிபொருளையும் இணைக்கும் வால்வை) திறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 24, டொரண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏ330-இல் வலது எஞ்சின் பக்கம் கசிவு. சமமின்மை என்று நினைத்துத் திறந்தார்கள், நல்ல பக்கத்து எரிபொருளும் ஓட்டை வழியே போய்விட்டது. அசோர்ஸ் தீவுவரை 19 நிமிடம் மிதந்து போய் இறங்கினார்கள். 306 பேரும் தப்பினார்கள்.

பெங்களூரு தரையில் இறங்கியதும் எல்லோரும் சென்னை எப்போது திறக்கும் என்றுதான் கேட்பார்கள். முதலில் பௌசர் வரிசையில் நம் நம்பர் என்ன என்று கேளுங்கள், பத்து விமானத்துக்குப் பின்னால் இருக்கலாம். டிஸ்பாட்ச்சிடம் புதுப் பிளான் கேளுங்கள், சென்னைக்கும் அங்கிருந்து வேறு ஆல்டர்னேட்டுக்கும் சேர்த்து. அடுத்து, க்ரூவின் டியூட்டி நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பயணிகள் உள்ளே இருக்கும்போதே நிரப்புவதாக இருந்தால் சீட் பெல்ட் விளக்கை அணைத்து, எல்லோரையும் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, கதவுப் பக்கம் ஆள் நிறுத்திவிட்டு, அப்புறம் ஹோஸ் மாட்டச் சொல்லுங்கள்.